ஓசியில் கிடைக்கும் 'இகுவானா'! கூண்டு ரெடியா? பேப்பர் இருக்கா?
பழைய ஓனரிடம் இருந்து வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

செஞ்சி:-

செஞ்சியை அடுத்த தளவானூர் என்றதும் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோவிலும் மொட்டைப் பாறையும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பாறை மேல் வெயில் ஏற ஏற ஓணான்கள் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஓணானுக்குச் சுருக்கு போட்டுப் பிடிக்காத பையன் இந்தப் பக்கத்தில் அபூர்வம். பல்லி தலையில் விழுந்தால் உடனே காலண்டரைத் திருப்பிப் பலன் பார்க்கிற வீடுகளும் இங்கே ஏராளம்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டுக்கு 4 அடி நீளத்தில் பச்சை ஓணான் ஒன்று வந்து இறங்கினால் எப்படி இருக்கும்?

சென்னையில் கம்பெனி வேலை பார்க்கும் தளவானூர் பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். கூட ரூமில் இருந்தவருக்கு துபாயில் வேலை கிடைத்துவிட்டது. ஆசையாக வளர்த்த 'இகுவானா'வை என்ன செய்வது என்று தெரியவில்லை. "காசு எதுவும் வேணாம், நல்லா பார்த்துக்கிட்டா போதும்" என்கிறார். பையன் அட்டைப்பெட்டியில் போட்டு பஸ் ஏறிவிடுகிறான். வீட்டில் பெட்டியைத் திறந்ததும் அம்மா அலறுகிறார். "இன்னாடா இது, முதலக்குட்டியா?"

முதலைக்குட்டி இல்லை. ஆனால் முதலைக்குட்டி வளர்க்கிற அளவுக்கு வேலை வைக்கும். சும்மா கிடைத்தது என்று நினைத்தவருக்கு கூண்டு, விளக்கு, கம்பி, டாக்டர் என்று ஆயிரம் ஆயிரமாகச் செலவு வரும். அதைவிட முக்கியம், கையில் பேப்பர் இல்லாவிட்டால் வனத்துறை வாசலில் வந்து நிற்கும்.

எங்கிருந்து வந்தது?

இகுவானா நம்ம நாட்டு பிராணி கிடையாது. மெக்சிகோவில் தொடங்கி தென் அமெரிக்கா வரை உள்ள காடுகளில், ஆற்றோர மரங்களில் வாழ்வது. முட்டையில் இருந்து வெளியே வரும்போது ஒரு சாண் நீளம்தான் இருக்கும். விற்பவர்கள் காட்டுவதும் அந்த சைஸ் குட்டியைத்தான். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சலாம். மூன்று, நான்கு வருடத்தில் 4 அடியைத் தாண்டிவிடும். நன்றாக வளர்ந்த ஆண், வாலோடு சேர்த்து 5, 6 அடி வரும். பாதிக்கு மேல் வால்தான். கோபம் வந்தால் அந்த வாலையே சாட்டை மாதிரி வீசும். ஒழுங்காகப் பராமரித்தால் 15 வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கும்.

இகுவானா அதிகமாகக் கைமாறுவதற்கு காரணமே இதுதான். காலேஜ் படிக்கும்போது வாங்கியவர்கள் கல்யாணம், வீடு மாற்றம், வெளிநாட்டு வேலை என்று வந்ததும் வேறு ஆள் தேடுகிறார்கள். வாடகை வீட்டுக்காரர் ஒரு தடவை பார்த்துவிட்டால் மறுநாளே காலி செய்யச் சொல்வார் என்பது தனிக்கதை.

முதலில் பேப்பர்

"நாய், பூனை மாதிரிதானே? இதுக்கு எதுக்கு சர்ட்டிபிகேட்டு?" என்று கேட்கலாம். கேட்டால் சிக்கல்தான்.

இகுவானா, சைட்டிஸ் எனப்படும் சர்வதேச வனஉயிரின வர்த்தக ஒப்பந்தத்தின் 2-வது பட்டியலில் இருக்கிறது. 2022-ம் ஆண்டு வனஉயிரின பாதுகாப்பு சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்தது. அதன்படி சைட்டிஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு பிராணிகள் நம் சட்டத்தின் 4-வது அட்டவணைக்குள் வந்துவிட்டன. 2024 பிப்ரவரி 28-ந்தேதி மத்திய அரசு இதற்கான விதிகளை வெளியிட்டது. ஏற்கனவே வைத்திருந்தவர்கள் 6 மாதத்துக்குள் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும் என்று கெடு கொடுத்தார்கள். அந்த கெடு 2024 ஆகஸ்டு மாதத்தோடு முடிந்துபோனது. இனிமேல் புதிதாகக் கைக்கு வருகிற பிராணியை 30 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்கு மாறினாலும், குட்டி பொரித்தாலும், செத்துப்போனாலும் கூட தகவல் கொடுக்கவேண்டும்.

இதற்கு முன்பு 2020 ஜூன் மாதத்தில், 6 மாதத்துக்குள் தாங்களாகவே முன்வந்து அறிவிப்பவர்களிடம் ஆவணம் கேட்கமாட்டோம் என்று ஒரு சலுகை கொடுத்தார்கள். அப்போது பதிந்தவர்கள் சிலரிடம் அந்த சான்று இருக்கும்.

ஆகவே பழைய ஓனரிடம் பிராணியைப் பார்ப்பதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி, "உங்க பேர்ல பதிவு இருக்கா? அதைக் காட்டுங்க" என்பதுதான். "அதெல்லாம் யாரு கேக்கப்போறா" என்று மழுப்பினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். அவர் துபாய் போய்விடுவார். நாளைக்கு விசாரணை என்று வந்தால் கைகட்டி நிற்கப்போவது வாங்கியவர்தான்.

இந்த பிராணிகளில் பல எப்படி நாட்டுக்குள் வருகின்றன என்பதற்கு அடிக்கடி வரும் விமான நிலைய செய்திகளே சாட்சி. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரில் இருந்து சென்னைக்கு வந்த ஒரு பெண் பயணியின் பெட்டியில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. அதே வருடம் ஜூலை கடைசியில் திருச்சியில் இறங்கிய ஒருவரின் டிராலி பேக்கில் 47 மலைப்பாம்புகளையும் 2 பல்லிகளையும் சுங்கத்துறையினர் பறிமுதல் செய்தார்கள். அந்த 2 பல்லிகள் பிடிபட்டன. பிடிபடாமல் வந்த பல்லியின் குட்டிதான் இப்போது உங்களிடம் வருகிறதா என்பது, பேப்பர் இல்லாதவரை யாருக்கும் தெரியாது.

கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் பிரவுசிங் சென்டரில் பதிவு செய்துகொள்ளலாம். சந்தேகம் இருந்தால் வாங்குவதற்கு முன்பே செஞ்சி வனச்சரக அலுவலகத்திலோ விழுப்புரம் மாவட்ட வன அலுவலகத்திலோ கேட்டுக்கொள்வது நல்லது. கேட்டதற்காக யாரும் கேஸ் போடமாட்டார்கள்.

உடும்பு பக்கம் போகாதீங்க!

இதைப் படித்துவிட்டு, "வெளிநாட்டு ஓணானுக்கு ஏன் இவ்வளவு பாடு, நம்ம மலையில உடும்பு இருக்கே" என்று யாராவது கிளம்பினால் கதை கந்தலாகிவிடும். உடும்பு சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி, யானைக்கு உள்ள அதே பாதுகாப்பு. பிடித்தாலோ, வளர்த்தாலோ, கறி வைத்தாலோ குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் ஜெயில். அபராதம் ரூ.25 ஆயிரத்துக்குக் குறையாது. உடும்புக் கறி சாப்பிட்டால் உடம்பு இரும்பாகும் என்று சொல்லிச் சொல்லியே உள்ளே போனவர்கள் எத்தனையோ பேர். நம்ம ஊர் பச்சோந்திக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. வீட்டுக்குள் அடைத்து வைக்கக்கூடாது.

வாங்கும் முன் சோதனை

பேப்பர் சரி என்றால் அடுத்து பிராணியைப் பார்க்கவேண்டும். புது குட்டியை விட கைமாறி வரும் இகுவானாவில் கவனம் அதிகம் தேவை. பழைய வீட்டில் பட்ட பாடு எல்லாம் அதன் எலும்பில் எழுதி இருக்கும்.

கீழ்த்தாடையை மெதுவாக விரலால் தொட்டுப் பார்க்கவேண்டும். கெட்டியாக இருந்தால் நல்லது. ரப்பர் மாதிரி வளைந்தால் எலும்பில் சுண்ணாம்புச் சத்து இல்லை என்று அர்த்தம். கை கால் தடித்து, பார்க்கிறவர்கள் "கொழுகொழுன்னு இருக்கு" என்று சொல்கிற மாதிரி இருந்தாலும் அது சதை இல்லை, வீக்கம். முதுகு வளைந்திருப்பது, கால் உதறுவது, நடக்கும்போது வயிறு தரையில் தேய்வது எல்லாம் அதே நோயின் அடையாளம். வெயிலையே காட்டாமல் ரூமுக்குள் வளர்த்தால் வருகிற நோய் இது. முற்றிப்போனால் வளைந்த எலும்பை நிமிர்த்த முடியாது.

கண் பளிச்சென்று இருக்கவேண்டும். வாலின் அடிப்பகுதியில் எலும்பு துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. விரல் நுனியில் பழைய தோல் உரியாமல் வளையம் மாதிரி இறுகி இருந்தால், ரத்த ஓட்டம் நின்று விரலே உதிர்ந்துவிடும். செதில் இடுக்கில் மிளகுத்தூள் தூவின மாதிரி நகர்ந்தால் அது உண்ணி. மூக்கில் இருந்து சீறி வெள்ளையாகத் தெறித்தால் பயப்பட வேண்டாம். சளி இல்லை. உடம்பில் அதிகமான உப்பை இகுவானா அப்படித்தான் வெளியேற்றும்.

"இத்தனை நாள் என்ன சாப்பாடு போட்டீங்க?" என்று கட்டாயம் கேட்கவேண்டும். "முட்டை, சிக்கன் எல்லாம் சாப்பிடும் சார்" என்று பெருமையாகச் சொன்னால் உஷார். இகுவானா சுத்த சைவம். கறியும் முட்டையும் போட்டு வளர்த்தால் வெளியே கொழுத்துத் தெரியும், உள்ளே கிட்னி போயிருக்கும்.

கூண்டு எவ்வளவு பெரிது?

இங்கேதான் பாதி பேர் கோட்டை விடுகிறார்கள். பழைய ஓனர் ஓசியில் கொடுக்கும் மீன் தொட்டி வளர்ந்த இகுவானாவுக்கு ஒரு வாரத்துக்குக் கூட ஆகாது. 6 அடி நீளம், 6 அடி உயரம், 3 அடி அகலம் என்பது குறைந்தபட்சம். வீட்டில் இருக்கிற இரும்பு பீரோ நாலை ஒன்றாகச் சேர்த்தால் எவ்வளவு இடம் அடைக்குமோ அவ்வளவு. உயரம் முக்கியம். மரத்தில் வாழ்கிற பிராணி, தரையில் போட்டால் எப்போதும் பயந்துகொண்டே இருக்கும்.

தளவானூர் மாதிரி கிராமத்தில் ஒரு வசதி உண்டு. சென்னை பிளாட்டில் இருப்பவர்கள் பணம் கொடுத்து வாங்குகிற புற ஊதா வெளிச்சம் இங்கே வாசலில் சும்மா கொட்டுகிறது. அந்த வெளிச்சம் பட்டால்தான் உடம்பில் 'வைட்டமின் டி' உண்டாகும், அது இருந்தால்தான் சாப்பாட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். ஆனால் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஜன்னல் கண்ணாடி வழியாக வெயில் காட்டினால் சூடுதான் கிடைக்கும், சத்து கிடைக்காது. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தாலோ பத்து, பதினைந்து நிமிடத்தில் அவிந்துவிடும். அதனால் இந்தப் பக்கத்துக்குக் கம்பிவலை கூண்டுதான் சரி.

வெல்டிங் பட்டறையில் சொல்லி இரும்புச் சட்டம் அடித்து, அரை அங்குல வெல்டு மெஷ் போட்டுக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பூச்சு உள்ள வலையாக இருந்தால் நகம் உடையாது, மூக்கு தேயாது. வெட்டிய கம்பி முனை உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. கதவு ஆள் குனிந்து உள்ளே போய்ச் சுத்தம் செய்கிற அளவுக்கு வேண்டும். வெறும் கொக்கி போதாது, பூட்டு போடவேண்டும். செஞ்சி மலைக் குரங்குகளுக்கு கொக்கி திறப்பது பெரிய வித்தை இல்லை. நாய், பூனையும் இருக்கிறது.

கூண்டுக்கு மேலே பாதிப் பகுதிக்கு நிழல் வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ், தகர ஷீட் போட்டால் மே மாதம் அடுப்பு ஆகிவிடும். தென்னங்கீற்று நல்லது. அல்லது ஷீட்டுக்கு மேல் கீற்றைப் பரப்பலாம். ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல் என்று இருந்தால் இகுவானா தனக்கு வேண்டிய இடத்துக்குத் தானே நகர்ந்துகொள்ளும். அதன் உடம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது, இடம் மாறித்தான் சமாளிக்கும். வெயில் காயும் இடம் 35 டிகிரி, நிழல் பக்கம் 27, 28 டிகிரி இருந்தால் போதும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு தெர்மாமீட்டர் மாட்டவேண்டும். கையால் தொட்டு "சூடு சரியாத்தான் இருக்கு" என்பதெல்லாம் வேலைக்கு ஆகாது. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி தாண்டும்போது வாயைப் பிளந்துகொண்டு கிடந்தால் உடனே நிழலுக்கு மாற்றி தண்ணீர் தெளிக்கவேண்டும்.

நம்ம ஊர் காற்று அதற்கு ரொம்ப வறட்சி. காலை, மாலை ஸ்பிரேயரில் தண்ணீர் அடிக்கவேண்டும். ஈரக் கோணியை நிழல் பக்கம் தொங்கவிடலாம். செம்பருத்திச் செடியைத் தொட்டியோடு உள்ளே வைத்தால் ஈரமும் ஆச்சு, தீனியும் ஆச்சு. உடம்பு முங்குகிற அளவுக்கு ஒரு அகலமான பேசினில் தண்ணீர் வேண்டும். பெரும்பாலும் அதில்தான் அசிங்கம் செய்யும், தினமும் மாற்றியே ஆகவேண்டும்.

உள்ளே ஏறுவதற்கு கொய்யா, மா கிளைகள் நல்லது. இகுவானாவின் உடம்பு தடிமனுக்குக் குறையாத கிளையாக, சரிவாக, ஆடாமல் கட்டவேண்டும். தரைக்கு மணல், மரத்தூள் கூடாது. சாப்பாட்டோடு விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். பழைய பேப்பர் விரித்தால் போதும், காலையில் சுருட்டி எறிந்துவிடலாம். பெண்ணாக இருந்தால் இன்னொரு விஷயம். ஆண் துணை இல்லாமலே முட்டை வைக்கும். தோண்டுவதற்கு ஈரமண் நிரப்பிய பெட்டி இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகும். அந்த நேரத்துக்கு மட்டும் மண்பெட்டி வைக்கலாம்.

வீட்டுக்குள்ளேதான் வளர்க்கமுடியும் என்பவர்கள் ஊர்வனவற்றுக்கான யு.வி.பி. டியூப் விளக்கு வாங்கி, உட்காரும் கிளையில் இருந்து ஒரு அடிக்குள் மாட்டி, தினமும் 10 முதல் 12 மணி நேரம் எரியவிடவேண்டும். விளக்கு எரிந்தாலும் 6 மாதம், ஒரு வருடத்தில் கதிர் குறைந்துவிடும். பழைய ஓனர் "விளக்கும் சேர்த்துத் தர்றேன்" என்றால் எத்தனை மாதம் எரிந்தது என்று கேட்கவேண்டும்.

மார்கழி ராத்திரியில் சூடு போதாது. வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் செராமிக் பல்பு கிடைக்கிறது. அதைப் பீங்கான் ஹோல்டரில்தான் போடவேண்டும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகித் தீப்பிடிக்கும். பல்பைச் சுற்றி வலை கட்டாவிட்டால் கட்டிப்பிடித்துப் படுத்து வெந்துபோகும். சூடாகும் கல் என்று ஒன்று விற்கிறார்கள், அதுவும் அடிவயிற்றைச் சுடும், வேண்டவே வேண்டாம். 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த மாதிரி நேரத்துக்கு வீட்டுக்குள் மாற்றுவதற்கு ஒரு பெட்டியும் போர்த்துவதற்கு கோணிப்பையும் தயாராக இருக்கவேண்டும்.

முருங்கை இருக்க பயம் ஏன்?

சாப்பாட்டு விஷயத்தில் கிராமத்துக்காரர்களுக்குக் கவலை இல்லை. கொல்லையில் நிற்கும் முருங்கையே போதும். சுண்ணாம்புச் சத்து நிறைய. அதோடு செம்பருத்தி இலை, பூ, துருவிய பூசணி, பொடியாக நறுக்கிய அவரை, பீன்ஸ். பப்பாளி, மாம்பழம் வாரத்தில் ஒன்றிரண்டு துண்டு. பாலக்கீரையை ஆசையாகத் தின்னும், ஆனால் அதில் உள்ள அமிலம் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. முட்டைக்கோசும் அடிக்கடி கூடாது. மருந்தடித்த கீரையாக இருக்கலாம் என்பதால் கடையில் வாங்கியதை நன்றாக அலசவேண்டும். காலையில் வெயில் காய்ந்து உடம்பு சூடேறிய பிறகு வைத்தால்தான் தின்னும், செரிக்கும்.

முதல் 15 நாள்

கூண்டு முழுசாகத் தயாராகி, ஒரு நாள் முழுக்க வெப்பம் பார்த்த பிறகே பிராணியைக் கொண்டுவரவேண்டும். பிராணி பெட்டியில் கிடக்க, நாம் வெல்டிங் பட்டறைக்கு ஓடினால் முதல் வாரமே நோய் வந்துவிடும். சுத்தமான தலையணை உறையில் விட்டு, வாயைக் கட்டி, ஓட்டை போட்ட பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரலாம். இருட்டில் அடங்கிக் கிடக்கும். பழைய கூண்டில் இருந்த கிளை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து புதுக் கூண்டில் கட்டினால் சீக்கிரம் பழகும்.

வந்த அன்றே தெருவே கூடிவிடும். யாரையும் கிட்டே விடக்கூடாது. கூண்டின் இரண்டு பக்கம் பழைய வேட்டியைக் கட்டி மறைக்கவேண்டும். முதல் சில நாள் சாப்பிடாமல் இருக்கலாம், தண்ணீர் மட்டும் குடித்தாலும் பரவாயில்லை. ஒரு வாரமாகியும் எதையும் தொடவில்லை என்றால் டாக்டரிடம் போகவேண்டும். தூக்கிக் கொஞ்சுவதை இரண்டு வாரம் தள்ளிவைக்கவேண்டும். அப்போதும் மேலே இருந்து கையை நீட்டக்கூடாது. உச்சந்தலையில் வெளிச்சத்தையும் நிழலையும் உணர்கிற மூன்றாவது கண் ஒன்று அதற்கு உண்டு. மேலே இருந்து நிழல் விழுந்தால் பருந்து என்றே நினைத்து வாலை வீசும். பக்கவாட்டில் மெதுவாகக் கையைக் கொண்டுபோய் அடிவயிற்றைத் தாங்கித் தூக்கவேண்டும். வாலைப் பிடித்தால் வால் கையோடு வந்துவிடும்.

குழந்தை இருக்கும் வீடா?

ஊர்வன பிராணிகளின் குடலில் சால்மோனெல்லா என்ற கிருமி சாதாரணமாகவே இருக்கும். அதற்கு ஒன்றும் செய்யாது. மனிதனுக்கு வந்தால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்கு ஆபத்து அதிகம். தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவவேண்டும். அதன் பேசினைச் சமையலறை சிங்க்கில் கழுவவே கூடாது. கைக்குழந்தை உள்ள வீடு என்றால் இகுவானாவுக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

வந்த முதல் மாதத்தில் சாணத்தைப் பரிசோதித்து புழு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மாட்டு டாக்டர்கள் எல்லோருக்கும் இகுவானா பழக்கம் இருக்காது, அது அவர்கள் தப்பு இல்லை. புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. போவதற்கு முன் போன் போட்டு கேட்டுக்கொண்டு போகலாம்.

வளர்க்க முடியாவிட்டால்?

"பாறை மலைதானே, கொண்டுபோய் விட்டுடலாம், பிழைச்சிக்கும்" என்று யாரும் நினைக்கவேண்டாம். அமெரிக்காவின் புளோரிடாவில் வளர்த்தவர்கள் விட்டதும் தப்பித்ததுமாகப் பெருகி, இன்று தோட்டம், கால்வாய்க்கரை எங்கும் இகுவானாதான். குளிர் கூடும் வருடங்களில் விறைத்துப்போய் மரத்தில் இருந்து பொத்து பொத்தென்று விழுகின்றன. 2021-ல் அங்கே புதிதாக வளர்க்கவே தடை போட்டுவிட்டார்கள். தைவானிலும் இதே கதை, ஆள் வைத்துப் பிடிக்கிறார்கள்.

முடியாது என்று தெரிந்தால் பதிவுச் சான்றோடு வனத்துறையிடம் சொல்வதுதான் வழி. அல்லது பதிவோடு, கூண்டோடு, விளக்கு எத்தனை மாதம் எரிந்தது என்ற கணக்கோடு அடுத்தவருக்கு முறைப்படி மாற்றிக் கொடுக்கலாம்.

பிராணியை நேரில் பார்க்காமல் முடிவு செய்யவேண்டாம் என்று நினைப்பவர்கள் சென்னை கிண்டி பாம்புப் பண்ணைக்கோ, கிழக்கு கடற்கரை சாலை வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணைக்கோ ஒரு தடவை போய்வரலாம். வளர்ந்த இகுவானா எவ்வளவு பெரிது, அதற்கு எவ்வளவு பெரிய இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, வீட்டுத் திண்ணையை ஒரு முறை அளந்து பார்க்கலாம்.